தொண்ணூறு பேர் வகுப்பறை: மேலாண்மைப் பள்ளிகளின் நூறாண்டுக் கணக்கு

அமெரிக்காவின் ஹார்வர்டு மேலாண்மைப் பள்ளியில் ஆண்டுதோறும் எம்.பி.ஏ. சேருபவர்கள் 900 பேருக்கு மேல். அவர்களைப் பத்து செக்‌ஷன்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு செக்‌ஷனில் தொண்ணூறு பேர் சொச்சம். முதலாண்டு முழுக்க அந்தத் தொண்ணூறு பேரும் ஒரே அறையில், ஒதுக்கிக் கொடுத்த இருக்கையில் அமர்ந்து எல்லாப் பாடங்களையும் சேர்ந்தே படிக்க வேண்டும். அறை குதிரைலாட வடிவில் படிப்படியாக உயர்ந்து போகும். ஒவ்வொருவர் முன்னாலும் பெரிய எழுத்தில் பெயர் அட்டை. உச்சி வரிசைக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்கைடெக்'. முந்தைய இரவே, ஒரு நிறுவனம் எதிர்கொண்ட சிக்கலை விவரிக்கும் பத்து இருபது பக்க 'கேஸ்' ஒன்றைப் படித்து, எண்களைப் போட்டுப் பார்த்து, காலையில் சிறு குழுவாகக் கூடிப் பேசிவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார்கள். பேராசிரியர் பள்ளத்தில் நின்றபடி யாரோ ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பார். இந்த நிறுவனத்துக்கு நீங்கள் தலைவர், இன்று என்ன முடிவெடுப்பீர்கள் என்று கேட்பார். இதுதான் 'கோல்ட் கால்'. அடுத்த எண்பது நிமிடங்களுக்கு அவர் பேசுவது குறைவு. மாணவர்கள்தான் ஒருவரை ஒருவர் மறுத்தும் திருத்தியும் பேசுகிறார்கள். பல பாடங்களில் மதிப்பெண்ணில் ஏறத்தாழப் பாதி இந்தப் பேச்சுக்கே போகிறது. இரண்டு ஆண்டுகளில் இப்படி ஐந்நூறு கேஸ்கள் வரை கடக்கிறார்கள்.

இந்த அறையைச் சுற்றி ஒரு நூற்றாண்டாக வாதம் நடந்துவருகிறது. நிர்வாகம் என்பது பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத்தக்க துறையா? மருத்துவத்தையும் சட்டத்தையும் போல நெறிக்குக் கட்டுப்பட்ட தொழிலாக அது வளர முடியுமா? அல்லது பெரிய சம்பளத்துக்கான நுழைவுச் சீட்டை விற்கும் இடம்தானா இது? மூன்று கேள்விக்கும் ஆமென்றும் இல்லையென்றும் சொல்லத் தகுந்த சான்றுகள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் படித்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அறைக்குள் நடக்கும் விவாதம் உயர்ந்த கல்வி. அதைச் சுற்றி வளர்ந்த வேலைத் தேர்வும், தரவரிசையும், பங்குதாரர் லாபமே குறி என்ற கோட்பாடும் அந்தக் கல்வியின் நேரத்தையும் நோக்கத்தையும் தொடர்ந்து அரித்துவருகின்றன.

தொடக்கத்தில் இருந்த எண்ணம் பெரியது. 1881இல் பிலடெல்பியா தொழிலதிபர் ஜோசப் வார்ட்டன் ஒரு லட்சம் டாலர் கொடுத்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வணிகக் கல்வியைத் தொடங்கிவைத்தார். அது இளங்கலைப் படிப்பு. பட்டதாரிகளுக்கான முதல் வணிகப் பள்ளி 1900இல் டார்ட்மவுத் கல்லூரியில் அமைந்த டக் பள்ளி. 1908இல் ஹார்வர்டு தன் பள்ளியைத் திறந்தபோது எம்.பி.ஏ. என்ற பட்டமே புதிதாகப் பிறந்தது. முதல் டீன் எட்வின் கே பொருளாதார வரலாற்று அறிஞர். கடை நடத்தியவரோ ஆலை நடத்தியவரோ அல்ல.

அது பெரிய ரயில் நிறுவனங்களும் எஃகு நிறுவனங்களும் எழுந்த காலம். முதல் போட்டவர் ஒருவர், நிர்வாகத்தைக் கையில் வைத்திருப்பவர் இன்னொருவர் என்ற நிலை அப்போதுதான் பரவியது. சொத்தும் தன்னுடையதல்லாத, உழைப்பாளியும் அல்லாத இந்த மேலாளருக்கு அதிகாரம் எந்த உரிமையில் வருகிறது? சமூகத்துக்கு இதற்கு விடை தேவைப்பட்டது. மருத்துவரைப் போல அவரும் கற்றுத் தேர்ந்தவர், பொதுநலனுக்குக் கடமைப்பட்டவர் என்று பல்கலைக்கழகங்கள் விடை சொல்லின. ஹார்வர்டு பேராசிரியர் ராகேஷ் குரானா 2007இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். உயர்ந்த இலக்கோடு தொடங்கியவர்கள் எப்படிக் கூலிக்கு அமர்த்தப்பட்ட கைகளாக மாறினார்கள் என்பதே நூலின் சாரம். அதே பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே அவர் இதை எழுதினார் என்பதைக் குறிப்பிட வேண்டும். தன்னைப் பற்றிய கடுமையான விமர்சனத்தைத் தன் ஆசிரியர்களே எழுத இடம் கொடுப்பது இந்தப் பள்ளிகளின் நல்ல குணங்களில் ஒன்று.

கேஸ் முறையைப் பள்ளியின் முதுகெலும்பாக ஆக்கியவர் 1919இல் டீனான வாலஸ் டோனம். அவர் சட்டம் படித்தவர்; வங்கியில் வேலை பார்த்தவர். ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் தீர்ப்புகளை வைத்துப் பாடம் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவர். வணிகத்தில் தீர்ப்பு நூல்கள் கிடையாது என்பதால் நிறுவனங்களுக்கு ஆள் அனுப்பி நிகழ்வுகளை எழுதிவரச் செய்தார். 1921இல் வந்த முதல் கேஸ் 'ஜெனரல் ஷூ கம்பெனி'. அதன் நீளம் ஒரே பக்கம். வேலை நேரம் முடியுமுன்பே தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிடுகிறார்களே, ஏன், என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம். ஜார்ஜ் பேக்கர் என்ற வங்கியாளர் 1924இல் கொடுத்த 50 லட்சம் டாலரில் சார்லஸ் ஆற்றின் பாஸ்டன் கரையில் தனி வளாகம் எழுந்தது. இன்று உலகமெங்கும் நகலெடுக்கப்படும் லாட வடிவ வகுப்பறை 1953இல் திறந்த ஆல்ட்ரிச் கட்டடத்தில் உருப்பெற்றது. பேசுபவரின் முகம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே வகுத்த வடிவம் அது.

கேஸ் முறைக்கு எதிரான வாதங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கனடாவின் ஹென்றி மின்ஸ்பெர்க் 2004இல் எழுதிய நூலில், அனுபவமில்லாத இளைஞர்களை நிர்வாகிகளாக வகுப்பறையில் உருவாக்கிவிட முடியாது என்றார். நிர்வாகம் கைப்பழக்கமும் உள்ளுணர்வும் சேர்ந்த வேலை, பகுப்பாய்வு அதில் ஒரு பகுதிதான் என்பது அவர் கட்சி. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கேஸில் வேண்டிய தகவல்கள் அனைத்தையும் இன்னொருவர் திரட்டி, பதினைந்து பக்கத்தில் அடுக்கிக் கொடுத்துவிடுகிறார். எந்தத் தகவலைத் தேடிப் போக வேண்டும், யாரிடம் கேட்டால் உண்மை வரும் என்று தெரிந்துகொள்வதே மேலாளர் வேலையில் பாதி. அது வகுப்பில் வராது. எடுத்த முடிவால் யாருக்கும் வேலை போவதில்லை. மதியம் வேறொரு நிறுவனத்துக்கு வேறொரு முடிவு. இப்படி இரண்டு ஆண்டு பழகியவருக்கு, தெரியாத விஷயத்தில் தயங்காமல் பேசும் துணிச்சல் வந்துவிடும் ஆபத்து உண்டு.

ஆனாலும் அந்த அறையின் மதிப்பை நான் நம்புவதற்கு மதுரையிலிருந்து போன ஒரு கேஸே போதும். அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டு பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் எழுதிய கேஸ் 1993இல் வெளியானது. உலகமெங்கும் வகுப்புகளில் திரும்பத் திரும்ப எடுக்கப்படும் கேஸ்களில் அது ஒன்று. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. மூட்டு நோயால் அவர் விரல்கள் கோணியிருந்தன. அந்த விரல்களோடுதான் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகியிருந்தார். பணம் கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகச் செய்வது ஏற்பாடு. ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைப் பக்கத்து மேசையில் ஆயத்தப்படுத்திவிடுவார்கள். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, மருத்துவரின் நேரம் மருத்துவத்துக்கு மட்டும் செலவாகும்படி வேலையைப் பிரித்தார்கள். அமெரிக்கத் துரித உணவுக் கடைகளின் ஒழுங்கு தனக்கு ஊக்கம் தந்ததாக டாக்டர் வெளிப்படையாகவே சொன்னவர். வெளிநாட்டுக் கண்வில்லையின் விலை கட்டுப்படியாகாததால் 1992இல் ஆரோலேப் தொடங்கி வில்லையை இங்கேயே செய்தார்கள்.

வங்கியிலும் ஆலோசனை நிறுவனத்திலும் இருந்து வந்த தொண்ணூறு இளைஞர்கள் முன் இதை வைத்தால் என்ன நடக்கும்? கட்டணத்தை உயர்த்தலாம் என்று ஒருவர் தொடங்குவார். இலவச நோயாளிகளின் எண்ணிக்கைதான் மருத்துவர்களின் கைத்திறனைக் கூட்டுகிறது, அதைக் குறைத்தால் மொத்தமும் சரியும் என்று எண்களை வைத்தே இன்னொருவர் மறுக்கலாம். முதலீட்டாளரைக் கூட்டிவந்து கிளைகள் திறந்தால், முகாமுக்குப் பேருந்து அனுப்பி ஏழைகளை அழைத்துவரும் பழக்கம் நிலைக்குமா என்று மூன்றாமவர் கேட்பார். லாபத்தை உச்சமாக்கு என்ற ஒரே சூத்திரத்தோடு வந்தவருக்கு இங்கே விடை கிடைக்காது. ஒரு நிறுவனத்தின் கணக்கும் அதன் கருணையும் ஒரே பொறியில் பூட்டப்பட்டிருக்க முடியும் என்பதை விரிவுரையில் சொன்னால் நல்லெண்ண வாசகமாகப் போய்விடும். எதிர்த்து வாதிட்டுத் தோற்றவருக்கு அது மறக்காது.

அரவிந்தைக் கவனித்தவர் ரங்கன் மட்டுமல்லர். கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத் சென்னை லயோலாவில் படித்து, அகமதாபாத் ஐஐஎம் வழியாக 1975இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னாளில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது 2004இல் எழுதிய, ஏழைகளை வாடிக்கையாளராகக் காணும் புகழ்பெற்ற நூலிலும் அரவிந்தை எடுத்துக்காட்டாக வைத்தார். அந்த நூல் மீது நியாயமான மறுப்புகள் உண்டு: ஏழையை வாங்குபவராக மட்டும் பார்த்தால் அவர் வருமானம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அவற்றில் முக்கியமானது. கேஸ் முறையின் பொதுவான குறை ஒன்றையும் அரவிந்தை வைத்தே சொல்லலாம். கேஸ் எப்போதும் முடிவெடுப்பவரின் நாற்காலியில் மாணவரை உட்காரவைக்கிறது. அறுவை அரங்கில் நாள் முழுக்க நின்றிருக்கும் அந்தக் கிராமத்துப் பெண்ணின் நாற்காலியில் உட்காரவைத்து, உன் சம்பளம் சரியா, உன் திருமணத்துக்குப் பின் இந்த வேலை உன்னோடு இருக்குமா என்று கேட்கும் கேஸ்கள் இன்னும் அரிது.

இரண்டாவது பெரிய திருப்பம் 1959இல் வந்தது. ஃபோர்டு அறக்கட்டளைக்காக கார்டனும் ஹவலும், கார்னகி நிறுவனத்துக்காக பியர்சனும் ஆளுக்கொரு அறிக்கை தந்தார்கள். அமெரிக்க வணிகப் பள்ளிகளில் பாடங்கள் மேலோட்டமானவை, மாணவர் தரம் தாழ்ந்தது, ஆராய்ச்சி என்று சொல்லத் தக்கது ஏதுமில்லை என்று இரண்டும் சாடின. மருந்து என்னவென்றால், கணிதமும் பொருளியலும் உளவியலும் படித்த முனைவர்களை வேலைக்கு எடுக்க வேண்டும். பிட்ஸ்பர்க்கின் கார்னகி தொழில்நுட்பக் கழகம் 1949இலேயே அந்த வழியில் ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தது. அங்கே வேலை பார்த்த ஹெர்பர்ட் சைமன், நிறுவனங்களுக்குள் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்ற ஆய்வுக்காக 1978இல் நோபல் பரிசு பெற்றார். சிகாகோவின் மெர்ட்டன் மில்லரும் யூஜின் ஃபாமாவும் 1990இலும் 2013இலும் பெற்றார்கள். வணிகப் பள்ளிகளுக்குப் பல்கலைக்கழகத்தில் தலைநிமிர்ந்து நிற்க இடம் கிடைத்தது. கூடவே ஒன்றை இழந்தார்கள். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் காலையில் நோயாளியைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வருகிறார். நிர்வாகப் பேராசிரியருக்கு ஆலை வாசலை மிதிக்க வேண்டிய கட்டாயமே இல்லாமல் போனது. அவர் எழுதுவது அவரைப் போன்ற இன்னும் சிலர் படிக்கும் ஆய்விதழுக்கு.

அந்தக் கோட்பாடுகளில் ஒன்று ஆய்விதழோடு நிற்கவில்லை. 1970இல் மில்டன் ஃபிரீட்மன் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதே என்று நாளிதழ் ஒன்றின் வார இதழில் எழுதினார். 1976இல் மைக்கேல் ஜென்சனும் வில்லியம் மெக்லிங்கும் எழுதிய கட்டுரை அதற்குக் கணித உடை தைத்துக் கொடுத்தது. பங்குதாரர் முதலாளி, மேலாளர் அவருடைய முகவர். முகவர் தன் நலனைத்தான் பார்ப்பார், ஆகவே அவரைக் கண்காணிக்க வேண்டும், பங்கு விலையோடு அவர் வருமானத்தைக் கட்ட வேண்டும் என்பது அதிலிருந்து கிளைத்த பாடம். ஒரு தலைமுறை மாணவர்கள் இதை இயற்பியல் விதிபோலப் படித்தார்கள். பொதுநலனுக்குக் கடமைப்பட்ட மேலாளர் என்ற 1908ஆம் ஆண்டின் எண்ணத்துக்கு இதைவிடப் பெரிய அடி எதுவும் விழுந்ததில்லை. நம்பத் தகாதவன் நீ என்று மாணவனுக்கே சொல்லிக்கொடுத்து, அவனிடம் நிறுவனங்களை ஒப்படைக்கும் கல்வி அது.

இந்தப் பாடத்தை நேருக்கு நேர் எதிர்த்தவர்களில் கொல்கத்தாவில் பிறந்த சுமந்திர கோஷால் முக்கியமானவர். லண்டன் மேலாண்மைப் பள்ளியின் பேராசிரியர், ஐதராபாத்தின் ஐஎஸ்பி மேலாண்மைப் பள்ளியின் நிறுவன டீன். 2004இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரை, கெட்ட கோட்பாடுகள் நல்ல நடைமுறைகளை அழித்துவருகின்றன என்று வாதிட்டது. அணுவைப் பற்றிய கோட்பாடு தவறானால் அணு மாறிவிடாது. மனிதரைப் பற்றிய கோட்பாடு அப்படியில்லை, எதைக் கற்பிக்கிறோமோ அதுவாகவே மனிதர் மாறுவார் என்பது அவர் வாதத்தின் மையம். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001 டிசம்பரில் திவாலானதை மனத்தில் வைத்துத்தான் அவர் எழுதினார். என்ரானின் தலைமை நிர்வாகியாக இருந்து சிறைக்குப் போன ஜெஃப்ரி ஸ்கில்லிங் 1979இல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்தவர். திவாலாவதற்குச் சற்று முன்புவரை என்ரானின் மாற்றத்தை வியந்து பேசும் கேஸ்கள் அதே பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தன.

2008 நிதி நெருக்கடிக்குப் பின் மாணவர்களே எழுந்தார்கள். 2009இல் ஹார்வர்டில் பட்டம் பெறவிருந்தவர்கள் மருத்துவர்களைப் போல ஓர் உறுதிமொழி எழுதினார்கள். வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். முந்தைய ஆண்டு குரானாவும் நிதின் நோரியாவும் நிர்வாகத்தை உண்மையான நெறித்தொழிலாக மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 2010இல் நோரியா அந்தப் பள்ளிக்கே டீனானார். ஆனால் மருத்துவர் சத்தியத்தை மீறினால் உரிமத்தைப் பறிக்க ஒரு மன்றம் இருக்கிறது. எம்.பி.ஏ.வுக்கு உரிமமும் இல்லை, பறிக்க ஆளும் இல்லை. கையெழுத்திட்டவர்களின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் வெளியே போய்ச் சேர்ந்த நிறுவனங்களில் அந்தக் காகிதத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பதுதான் வருத்தம்.

இனி வளாக வாழ்க்கைக்கு வருகிறேன். எம்.பி.ஏ. மாணவரின் முதல் பருவத்தை வேலைத் தேர்வு பிடித்துக்கொள்கிறது. கோடைக்காலப் பயிற்சி எந்த நிறுவனத்தில் என்பதே பெரும்பாலும் பின்னாளில் வேலை எங்கே என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தப் பயிற்சிக்கான ஓட்டம் சேர்ந்த சில மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. ஆலோசனை நிறுவனங்களும் வங்கிகளும் மாலைக் கூட்டம் நடத்துகின்றன. மாணவர் சங்கங்கள் போலி நேர்காணல் வைக்கின்றன. மறுநாள் கேஸைப் படிக்கும் நேரத்திலிருந்துதான் இவை அத்தனையும் எடுக்கப்படுகின்றன. சிகாகோ, ஸ்டான்ஃபோர்டு, வார்ட்டன் போன்ற இடங்களில் வேலை கொடுப்பவரிடம் மதிப்பெண்ணைச் சொல்வதில்லை என்ற கட்டுப்பாட்டை மாணவர்களே வைத்திருக்கிறார்கள். கடினமான பாடத்தை அச்சமின்றி எடுக்கலாம், நண்பனோடு போட்டி வேண்டாம் என்பது அதன் நல்ல பக்கம். படிக்காவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது என்பது மறுபக்கம். பேராசிரியர்கள் இதை விரும்புவதில்லை, நானும் அவர்கள் பக்கம்தான்.

பேச்சுக்கு மதிப்பெண் என்னும்போது, யார் பேச்சு காதில் விழுகிறது என்ற கேள்வி எழும். ஹார்வர்டு தன் இரண்டாண்டு எம்.பி.ஏ.வுக்குப் பெண்களை முதலாண்டிலிருந்தே சேர்த்துக்கொண்டது 1963இல். வந்தவர்கள் எட்டுப் பேர். ஐம்பது ஆண்டு கழித்தும், ஆண்களுக்குச் சமமான தகுதியோடு நுழைந்த பெண்கள் வகுப்பு மதிப்பெண்ணில் பின்தங்குவதைப் பள்ளி கவனித்தது. நோரியா டீனான பிறகு வகுப்புகளில் சுருக்கெழுத்தர்களை உட்காரவைத்தார்கள். யார் என்ன சொன்னார் என்பது ஆசிரியரின் நினைவை மட்டும் நம்பியிராமல் பதிவானது. கையை எப்படி உயர்த்துவது என்றுகூடப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இடைவெளி வெகுவாகக் குறைந்தது. 2014இல் நோரியா முன்னாள் மாணவியர் முன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பள்ளியின் கேஸ்களில் பெண் முதன்மைப் பாத்திரமாக வருபவை ஏறத்தாழ 9 சதவீதமே என்றும், ஐந்தாண்டில் அதை 20 ஆக்குவதாகவும் சொன்னார். ஒரு நிறுவனம் தன் குறையை எண்ணில் அளந்து சபையில் வைத்தது பெரிய செயல். நூறு கேஸில் ஒன்பதில் மட்டுமே பெண் முதன்மைப் பாத்திரமாக வரும் வகுப்பில், தலைவர் என்றால் யார் என்ற பாடம் யாரும் எழுதாமலே நடந்துகொண்டிருந்தது.

நம் நாட்டில் இந்த முறை ஹார்வர்டிலிருந்து நேராக வந்திறங்கியது. 1961இல் கொல்கத்தா ஐஐஎம் அமெரிக்காவின் எம்ஐடியோடும், அதே ஆண்டு தொடங்கிய அகமதாபாத் ஐஐஎம் அதற்கடுத்து ஹார்வர்டோடும் கைகோத்தன. ஃபோர்டு அறக்கட்டளை உதவியது. அகமதாபாத்தில் விக்ரம் சாராபாயும் கமலா சவுத்ரியும் அடித்தளம் போட்டார்கள், லூயி கான் செங்கல்லில் வளாகத்தை வடித்தார். 1965இல் ரவி மத்தாய் தன் முப்பதுகளிலேயே முதல் முழுநேர இயக்குநராக வந்தார். முன்னாள் நிதியமைச்சர் ஜான் மத்தாயின் மகன். ஆசிரியரின் சுதந்திரமே நிறுவனத்தின் உயிர் என்று நம்பிய அவர், இயக்குநர் பதவி யாருடைய பட்டாவும் அல்ல என்று காட்டுவதற்காக 1972இல் தானே இறங்கிச் சாதாரணப் பேராசிரியராகத் தொடர்ந்தார். நம் கல்வி நிறுவனங்களில் இதற்கு இணையான காட்சியைத் தேடத்தான் வேண்டும்.

அகமதாபாத் வகுப்பறையிலும் அதே லாட வடிவம், அதே பெயர் அட்டை. வகுப்பில் பேசுவதை மாணவர்கள் 'சிபி' என்பார்கள். மதிப்பெண்ணுக்காக அவசியமில்லாமல் கை தூக்கிப் பேசினால் 'டிசிபி'. பிறரோடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண்ணால் எழும் உரசலுக்கு 'ஆர்ஜி'. கேஸை எழுத்தில் பகுத்தாயும் 'வாக்' என்ற பாடத்தின் அறிக்கையைக் கெடு முடியும் நொடிக்குள் பெட்டியில் போட ஓடிய ஓட்டம் பல தலைமுறை மாணவர்களின் நினைவில் இருக்கிறது. ஐஐஎம்கள் பல்கலைக்கழகங்கள் அல்ல என்பதால் 2017ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அவை கொடுத்தது பட்டம் அல்ல, டிப்ளமோ. அதனால் அவற்றின் மதிப்பு ஒரு துளியும் குறைந்ததில்லை. வேலைச் சந்தை கொடுத்த சான்றிதழே போதுமானதாக இருந்தது. அதுவே சிக்கலும்கூட. ஆண்டுதோறும் நாளிதழ்களில் ஐஐஎம் பற்றி வரும் செய்தி பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த ஆண்டு உச்ச சம்பளம் எத்தனை கோடி. அந்த எண்களைத் தணிக்கை செய்து வெளியிடும் நெறியை அகமதாபாத்தே முன்னின்று உருவாக்கியது நல்ல காரியம். 2011இல் தொடங்கிய திருச்சி ஐஐஎம் உட்படப் புதிய நிறுவனங்களும் இதே அளவுகோலின் கீழ்தான் வளர வேண்டியிருக்கிறது.

தரவரிசையின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1988இல் 'பிசினஸ்வீக்' பட்டியல் போட்டபோது கெலாக் மேலாண்மைப் பள்ளி முதலிடம் பெற்றது, ஹார்வர்டு பெறவில்லை. அன்றிலிருந்து டீன்களின் தூக்கம் போனது. பட்டம் பெற்றவரின் சம்பளத்துக்குப் பட்டியல்கள் பெரிய எடை கொடுத்ததால், நல்ல சம்பளம் வாங்கக்கூடியவரையே சேர்ப்பது நல்ல கல்வியாகத் தோற்றமளித்தது. பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழக ஃபாக்ஸ் பள்ளி தன் இணையவழி எம்.பி.ஏ.வுக்காகப் பொய்த் தகவல் அனுப்பிப் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. 2018இல் அது வெளிப்பட்டது. அதன் முன்னாள் டீன் 2021இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அடுத்த ஆண்டு 14 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

இப்போதைய செய்திகள் வகுப்பறையையே தொடுகின்றன. ஹார்வர்டில் ஆண்டுக் கட்டணம் மட்டும் 75,000 டாலரைத் தாண்டிவிட்டது. மிகவும் ஏழ்மையான பத்து சதவீத மாணவர்களுக்குக் கட்டணமே வேண்டாம் என்று 2022இல் பள்ளி அறிவித்தது, வரவேற்க வேண்டியது. ஆனால் 2024இல் பட்டம் பெற்று வேலை தேடியவர்களில் 23 சதவீதம் பேருக்கு மூன்று மாதம் கழித்தும் வேலை அமையவில்லை; இரண்டாண்டு முன்பு அது 10 சதவீதம். 2025 மே மாதம் அமெரிக்க அரசு ஹார்வர்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியை ரத்து செய்தது. மறுநாளே நீதிமன்றம் அந்த ரத்துக்குத் தடை விதித்தது. எம்.பி.ஏ. வகுப்பில் மூன்றில் ஒருவர் வெளிநாட்டவர். மதுரைக் கேஸைப் பேசும்போது லாகோஸிலும் சாவ் பாவ்லோவிலும் இருந்து வந்தவர் அறையில் இல்லையென்றால் அந்தப் பேச்சு பாதியாகச் சுருங்கிவிடும். ஒரு கேஸின் சுருக்கத்தையும் விடையையும் சில நொடிகளில் எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. முந்தைய இரவில் தனியே உட்கார்ந்து யோசிக்கும் உழைப்பை அது தின்றால், காலையில் தொண்ணூறு பேர் கூடுவதில் பொருள் இல்லை.

வேலைச் சந்தை தளர்ந்திருக்கும் இந்தக் காலம் ஒரு திருத்தத்துக்கு ஏற்ற காலம் என்று நினைக்கிறேன். பெரிய பள்ளிகள் சில கூடி, முதல் பருவம் முடியும்வரை எந்த நிறுவனமும் வளாகத்துக்குள் வரக்கூடாது என்று முடிவெடுக்க முடியும். ஒரு பள்ளி தனியாகச் செய்தால் அதன் மாணவர் பாதிக்கப்படுவார். ஐந்தாறு பள்ளிகள் சேர்ந்தால் நிறுவனங்கள் காத்திருக்கும், ஏனெனில் அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. பட்டம் பெற்று இருபது ஆண்டு ஆனவர்கள் என்ன நடத்துகிறார்கள், அங்கே வேலை பார்ப்பவர்கள் அவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பள்ளிகளே விசாரித்து வெளியிடலாம். இயக்குநர் நாற்காலியை விட்டு இறங்கிய ரவி மத்தாய் 1975இல் ராஜஸ்தானின் ஜவாஜா பகுதிக்குப் போனார். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு, நெசவாளரும் தோல் தொழிலாளரும் தங்கள் தொழிலைத் தாங்களே நிர்வகிக்கக் கற்றுக்கொள்ள வகைசெய்தார். அங்கேயும் கற்பிக்கப்பட்டது நிர்வாகம்தான். அந்த வேலையைத் தரவரிசையில் சேர்க்க எந்தப் பட்டியலிலும் இன்றுவரை ஒரு கட்டம் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் டீன்களும் இயக்குநர்களும்தான்.